நல்ல ஏரியா என்று சொன்னார்கள்

மார்ச் 4

இங்கே குடிவந்து இரண்டாவது வாரம். தண்ணீர் வருகிறது. மின்சாரம் போவதில்லை. குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வருகிறது. வராதது மனுஷர்கள் மட்டும்தான்.

காலையில் பால்கனியில் நின்று பார்த்தேன். நடைப்பயிற்சிக் கூட்டம் ஒன்று போனது. கொஞ்ச தூரம் நடப்பது, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பது, மறுபடி நடப்பது. தனக்கு இதயம் துடிக்கிறதா என்று அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது போல. எதிரெதிரே வரும்போது உதட்டை ஒரு ஓரமாக இழுக்கிறார்கள். அதற்குப் பெயர் புன்னகையாம்.

இந்த வீட்டுக்கு மூன்று மாத வாடகை. அதற்குள் முடிவு சொல்ல வேண்டும் — இதையே வாங்கிக்கொண்டு நிரந்தரமாக வருவதா, பூட்டிப் போட்டிருக்கும் பழைய வீட்டுக்கே திரும்பிப் போவதா என்று. கண் டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம். இவருக்கு ஓரப் பார்வை போய்விட்டது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதுவும் போகும். எப்போது என்பதுதான் தெரியாது. "கொஞ்சம் பார்வை இருக்கும்போதே நல்ல நடைபாதை இருக்கிற இடமாப் பாத்துப் போயிடுங்க. தெருவை இப்பவே பழகிட்டா பின்னாடி தனியா நடப்பார்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சொல்கிறவர்களுக்கு என்ன.

நல்ல இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அண்ணி, இவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அதையும் இந்த ஏரியாவின் குறைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9

அண்ணி வந்தார். தானே கட்டிக் கொடுத்த தெருபோலப் பால்கனியில் நின்று கையை வீசிக் காட்டினார்.

"பாத்தியா, எவ்ளோ அமைதி. இங்க ஒரு காக்கா கூட அனாவசியமா கத்தாது."

"காக்காவுக்கும் சங்கத்துல சொல்லி வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்றேன்.

இவர் சிரித்துவிட்டார். அண்ணிக்கு முகம் சுருங்கியது. "உங்க பழைய தெருவுல பக்கத்துல நிக்கறவங்ககிட்ட பேசறதுக்கே கத்தணும். அங்க இருந்து இருந்துதான் உனக்கு இந்த நக்கல்" என்றார்.

பிறகு அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொன்னார். எதிர் வீட்டில் யாரோ மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மூலை வீட்டுக்காரருக்கு இரண்டு தொழிற்சாலை, அடுத்த வீட்டுப் பெண் வெளிநாட்டில். கடைசி வரை இவர்களில் யார் நல்லவர் என்று மட்டும் சொல்லவில்லை. அது இங்கே தேவைப்படாத தகவல் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது என்னை மட்டும் வாசல் பக்கம் கூப்பிட்டு, "யாராவது கேட்டா தம்பி விருப்ப ஓய்வு வாங்கிட்டான்னு மட்டும் சொல்லு. கண்ணு விஷயமெல்லாம் எதுக்கு" என்றார். கண் விஷயத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறோம் அண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன். லிஃப்ட் வந்துவிட்டது.

அவருடைய கைபேசியிலிருந்தே என்னைக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பெரிய பாக்கியம்.

மார்ச் 13

நடைபாதை. இதற்காகத்தானே வந்தோம். நன்றாகப் போட்டிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அகலம், சமதளம், ஓரத்தில் மரம். அதில் நடக்க மட்டும் முடியாது. பாதியை வாசலில் நிற்கும் கார்கள் எடுத்துக்கொண்டன. மீதியில் பூத்தொட்டிகள்.

கீழ்வீட்டு அம்மாள்தான் ஆரம்பித்து வைத்தாளாம். தொட்டியம்மா என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இடுப்பளவு தொட்டிகள். இவருக்கு நேரே பார்த்தால் எதிரே வருகிற ஆளின் மூக்கு தெரியும், காலடியில் யானை படுத்திருந்தால் தெரியாது. இன்று முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து வந்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. தொட்டிக்குத்தான் பலமா அடி."

மருந்து போடும்போது எலும்பை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாள் முழுக்க எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு வீட்டிலும் அதே வேலை.

மார்ச் 14

சங்கச் செயலாளரைப் பார்த்துத் தொட்டிகளைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைக் காலணி, வெள்ளைச் சட்டை, பல்லும் அதே வெள்ளை. "நம்ம ஏரியா அழகுக்காகப் போன வருஷம் பரிசு வாங்கியிருக்கு மேடம்" என்றார். நான் தொட்டியைப் பற்றிக் கேட்டேன், அவர் பரிசைப் பற்றிச் சொன்னார். இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 22

வெள்ளைக் குச்சி சண்டை. எங்கள் மருத்துவமனையிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன். மடித்து வைக்கலாம், எடை இல்லை. இவர் கையால் தொடவும் இல்லை.

"நான் என்ன குருடனா?"

"இல்ல. ஆனா தொட்டி நீங்கன்னு தெரிஞ்சு விலகிப் போகாதுல்ல."

"முப்பது வருஷம் மைதானத்துல ஓடினவன் நான். குச்சி தட்டிட்டு தெருவுல போகணுமா? அக்கா வேற இங்க இருக்கா. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அந்த நாலு பேர்! ஆயுசு முழுக்க அவர்களுக்குப் பயந்தே வாழ்கிறோம், ஒரு நாளாவது ஒரு வேளைச் சோறு போட்டிருக்கிறார்களா அவர்கள்? இவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஊதலை எடுத்து ஊதினால் மைதானமே நிற்கும். அந்த மனுஷன் இன்று தொட்டியில் இடித்துக்கொண்டு வந்து நாலு பேரைப் பற்றிக் கவலைப்படுகிறார். எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் எரிச்சல்தான் அதிகம்.

குச்சி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. இவர் சுவரையும் கேட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே நடக்கிறார். இரும்புக் கேட் என்றால் எந்த வீடு, மரக் கேட் என்றால் எந்த வீடு என்று பழகிக்கொள்கிறாராம். நான் கூட வரக் கூடாது என்று கட்டளை.

ஏப்ரல் 2

வேலை முடிந்து பழைய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்ததே, அதற்கு ஒரு பதில் கிடைக்கட்டும் என்று.

சாக்கடை மூடியைக் காணோம். போன மாதம் இருந்தது. வாசல் படியில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டான். கீழே வெல்டிங் பட்டறையில் நெருப்புப் பொறி தெருவரைக்கும் பறக்கிறது, தாண்டிக் குதித்துதான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் பட்டறைக்காரர், "மாஸ்டருக்குக் கண்ணு முழுசாப் போயிடுச்சாமே, அடப்பாவமே" என்று தெருவுக்கே கேட்கும்படிக் கேட்டார். மாடி வீட்டுக்காரி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். இன்னொருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு என்னவோ இவர் செத்துப்போய்விட்டதுபோல இருந்தது.

பாசமாம். மூடியைத் திருடியவனும் இந்தப் பாசக்காரர்களில் ஒருவன்தானே?

அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டில் எதில் ஒரு மனுஷன் நடமாடுவது?

ஏப்ரல் 11

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வேலையில் இருந்தபோது சங்கக் குழுவில் ஒரு படம் வந்தது. யாரோ வீட்டுக் கேமராவில் பதிவானது. ஒரு ஆள். முதுகு மட்டும் தெரிகிறது. கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். கீழே எழுதியிருந்தது: "சந்தேகத்துக்கு இடமான நபர். ஒவ்வொரு கேட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறான். எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கவும்."

அதற்குக் கீழே வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். நேற்றும் பார்த்தேன் என்றார் ஒருவர். வீட்டில் நாய் இருக்கிறதா என்று நோட்டம் விடுகிறான் என்றார் ஒருவர். குடித்திருப்பான், நடையே சரியில்லை என்று கண்டுபிடித்தாள் தொட்டியம்மா. காவலாளியிடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த முறை பிடித்து வைப்பார்கள் என்று செயலாளர்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் நிமிர்ந்து நில் என்று சொல்லிச் சொல்லியே நிமிர்ந்துபோன முதுகு அது. எனக்குத் தெரியாதா.

செயலாளருக்குக் கீழே அண்ணி. "நாம எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும். இப்பல்லாம் யாரை நம்பறது."

மறுபடி படித்தேன். அண்ணியின் எண்தான். படத்தில் இவர் போட்டிருப்பது நீலக் கோடு போட்ட சட்டை. போன பிறந்த நாளைக்கு இவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போய், நாலு சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அண்ணியே பொறுக்கி எடுத்து வாங்கிக் கொடுத்தது.

தெரியாமல் எழுதினாரா? கூடப் பிறந்தவனின் முதுகு தெரியாத கண் என்ன கண்? தெரிந்தே எழுதினாரா? தெரிஞ்சே எழுதியிருந்தா — சீ. என்ன ஜென்மம். நாலு பேர் முன்னாடி மானம் போகுதுன்னு தம்பியைத் திருடனாக்கினா பரவாயில்லையா? நல்ல ஏரியா, நல்ல ஏரியான்னு வாய் ஓயாம சொன்னியே, இதுதானா உன் நல்ல ஏரியா?

நான் எழுதினேன்: "அது என் கணவர். அவருக்குக் கண் பார்வை குறைவு. இதே தெருவில்தான் குடியிருக்கிறோம்."

படத்தைப் போட்டவர் அதை அழித்தார். பிறகு ஒவ்வொருவராகக் கும்பிடத் தொடங்கினார்கள் — மஞ்சள் நிறத்தில் கூப்பிய கைப்படங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மன்னிப்பு என்று எழுத்தில் எழுத ஒருவருக்கும் விரல் வளையவில்லை. அண்ணியின் வரியும் காணாமல் போயிருந்தது. அவரிடமிருந்து கும்பிடுகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். இவர் வானொலியில் ஏதோ ஆட்டம் கேட்டுக்கொண்டு நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 12

சொல்ல வேண்டிய வேலையைச் செயலாளர் செய்துவிட்டார். பழக்கூடையோடு வந்து நின்றார்.

"சின்ன தவறான புரிதல் ஆயிடுச்சு மாஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க."

"என்ன புரிதல்?" என்றார் இவர்.

செயலாளர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். அண்ணி எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழம் வேணாங்க" என்றார் கடைசியில். "நடைபாதையில இருக்கற தொட்டிங்களை எடுக்கச் சொல்லுங்க, போதும்."

"அது பொதுக்குழுவுல வெச்சுத்தான் மாஸ்டர் முடிவு பண்ணணும்."

"இவரைப் பிடிச்சு வெக்கறதுக்குப் பொதுக்குழு கூட்டலையே" என்றேன். வெள்ளைப் பல் உள்ளே போய்விட்டது. பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதிலும் ஒரு கொய்யா அழுகியிருந்ததைப் பார்த்தேன்.

கதவைச் சாத்தியதும் இவர் கேட்டார்.

"போட்டோல எப்படி இருந்தேன்?"

"முதுகுதான் தெரிஞ்சுது."

"எந்தச் சட்டை?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நீலக் கோடு போட்டது."

"அக்காவும் அந்தக் குழுவுல இருக்கால்ல" என்றார். கேள்வி மாதிரிகூட இல்லை. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவ ஒன்றும் இல்லை. குழாயை மட்டும் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 13

காலையில் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு இவரே குச்சியை எடுத்தார். நான் பால்கனியில் நின்று பார்த்தேன்.

தட்டுகிறாரா அது? அடிக்கிறார். முதல் கேட்டில் டங்கென்று ஒரு அடி. அடுத்த கேட்டில் இன்னொன்று. தெரு முழுக்க ஒரு கேட்டையும் விடவில்லை. இந்த ஏரியாவில் இவ்வளவு சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆனதோ, ஜன்னல் ஜன்னலாகத் திரை விலகியது. காக்காகூடக் கத்தியது. திரும்பி வரும்போது தொட்டியம்மாவின் தொட்டிகளில் உயரமானது ஒன்று சரிந்து இரண்டாகப் பிளந்தது.

அவள் ஓடி வந்தாள். "என்ன சார் இது, பாத்து வரக் கூடாதா?"

"பாக்க முடியாதும்மா" என்றார் இவர், நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எனக்குக் கண்ணு தெரியாது."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை இவர் வாயால் நான் கேட்டதில்லை. டாக்டரிடம்கூட மங்கலா இருக்கு என்றுதான் சொல்வார். என்னிடம் சொல்லவில்லை, பிள்ளையில்லாத வீட்டில் வேறு யாரிடம் சொல்ல? கடைசியில் ஒரு தொட்டிக்காரியிடம் சொன்னார். அவள் உடைந்த தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20

அண்ணி வரவில்லை. தொலைபேசியும் இல்லை. ஏரியாவின் அமைதி கூடியிருக்கிறது.

மே 1

தொட்டிகளெல்லாம் அவரவர் சுவருக்குள் போய்விட்டன. பொதுக்குழு கூடியதாகத் தகவல் இல்லை. தினமும் காலையில் ஒருவர் குச்சியோடு வருகிறார் என்றால் சில முடிவுகள் தாமாகவே எடுக்கப்பட்டுவிடும் போல. கார்கள் அப்படியேதான் நிற்கின்றன. ஒவ்வொரு காரின் பக்கவாட்டிலும் மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. நான் ஒன்றும் பார்க்கவில்லை.

மே 6

வீட்டு உரிமையாளர் முடிவு கேட்டுப் பேசினார். சாப்பிடும்போது நான் விஷயத்தை எடுத்தேன். போய்விடலாம், பழைய வீடும் வேண்டாம், வேறு எங்காவது பார்க்கலாம், இந்த மூஞ்சிகள் நடுவில் என்னால் முடியாது என்றேன்.

"இங்கயே இருக்கலாம்" என்றார்.

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். "என்ன சொல்றீங்க? உங்களைத் திருடன்னு சொன்னவங்க."

"ஆமா. அதனாலதான்." தட்டின் ஓரத்தை விரலால் சுற்றித் தடவிக்கொண்டே பேசினார். "நீயே சொன்ன, பழைய தெருவுல உன் கையைப் பிடிச்சுட்டு ஒருத்தி விடலைன்னு. நான் போனா என்ன ஆகும்? ஆளுக்கொரு கை பிடிப்பாங்க. மாஸ்டர் வாங்க, மாஸ்டர் உக்காருங்க, ஐயோ மாஸ்டர். கடைக்குக்கூட என்னைத் தனியா விட மாட்டாங்க. ஒரே வருஷத்துல என்னை நாற்காலில உக்கார வெச்சிடுவாங்க. இங்க ஒருத்தனும் என்னைத் தொட மாட்டான். விழுந்தாலும் கேமராலதான் பாப்பான். எனக்கு அது போதும். நானே நடந்துப்பேன்."

"விழுந்தா?"

"எழுந்துப்பேன். எழுந்திருக்கறது எப்படின்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

"இந்த ஜனங்களை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"சுத்தமாப் பிடிக்கலை. நடைபாதை பிடிச்சிருக்கு."

கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. இரக்கமில்லாத இடம்தான் தனக்குச் சரிப்படும் என்று ஒரு மனுஷன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

மே 8

அப்படியானால் நான்? இவருக்கு நடைபாதை. எனக்கு என்ன? இந்தப் புன்னகைகளைத் தினமும் லிஃப்டில் சந்திக்க வேண்டும். — சரி, சந்திக்கிறேன். நானும் உதட்டை ஓரமாக இழுக்கப் பழகிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அச்சாக அவர்கள் மாதிரியே இருக்கிறது. பயமாக இருக்கிறது.

மே 29

பத்திரம் முடிந்தது. பழைய வீட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டார். சாக்கடை மூடியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 17

ஞாயிறு வேலை இல்லை. சமையலறையில் இருந்தேன். இவர் நடந்துவிட்டு வந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது.

எட்டிப் பார்த்தால் வாசலில் அண்ணி. உள்ளே வராமல் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் இளைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது அவரைப் பார்த்து. எதிர் வீட்டுக் கதவு வழக்கம்போல ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

இவர் தலையை நிமிர்த்தினார். அண்ணி பூசுகிற பவுடர் வாசனை எனக்கே சமையலறை வரைக்கும் வந்தது. இவருக்கு வராமல் இருக்குமா?

"யாரு?" என்றார்.

அண்ணி நிலைக்கதவைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார்.

"யாருங்க அது?" — முன்பின் தெரியாத ஆளைக் கேட்கிற மரியாதையோடு.

"நான்தான்டா" என்றார் அண்ணி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"நான்தான்னா? இந்தத் தெருவுல நிறைய பேர் இருக்காங்க. எனக்கு யாரையும் அடையாளம் தெரியாது."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உதவிக்குப் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

"உன் அக்காடா."

"கேக்கலை."

அண்ணி ஒரு தடவை திரும்பி எதிர் வீட்டுக் கதவின் அந்த இடுக்கைப் பார்த்தார். பிறகு, நான் அந்தக் குரலில் அவர் பேசி இதுவரை கேட்டதில்லை, மாடிப்படி முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, "உன் அக்கா. நீ என் தம்பி. போதுமா?" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எதிர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

இவர் நீட்டியிருந்த காலை மடக்கி வழி விட்டார். "உள்ள வா" என்றார்.

இருவரும் பேசிக்கொண்டது அதிகம் இல்லை. வெயில் பற்றி, மூட்டு வலி பற்றி. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இவருக்கும் எனக்கும் சர்க்கரை போட்டேன். எப்போதும் மூன்று கரண்டி கேட்கிற அண்ணிக்குப் போடவில்லை.

ஒரு வாய் குடித்ததும் அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.